அலகு இல்லாத ஏழு

வெள்ளவத்தை ஆய்வுகூடத்திலிருந்து
இரவு இரண்டு பத்துக்கு
ஓர் ஏழு வந்து சேர்ந்தது.
முன்னால் ஒரு பெயர்,
பின்னால் ஒன்றுமில்லை.

தெமட்டகொடை மருத்துவமனைக் கணினி
தனக்குத் தெரிந்த கணக்கில் அதைப் படித்தது:
ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில்
ஏழு மில்லிகிராம் சீனி.
அவ்வளவு சீனியோடு எவரும்
கண் திறந்திருக்க முடியாது.
திரை சிவந்தது. மணி அடித்தது.
கடமையில் இருந்த டொக்டர்
தொலைபேசியை எடுத்து
"மிஸ்டர் குணநாயகம்?" என்றார்.

மறுமுனையில் நித்திரை கலைந்த ஒரு பெண் குரல்.
"ஆர், குணநாயகமோ?
அது என்ரை அப்பா.
அவர் செத்துப் பத்தொன்பது வருசம்.
இரத்தம் குடுத்தது நான், தவயோகினி.
மயக்கமோ? இல்லையே.
எட்டரைக்கு இடியப்பம் சாப்பிட்டுப் படுத்தனான்."

குடும்பப் பெயர் என்று
திரையில் ஒரு கட்டம்,
எங்கள் வீடுகளில் யாரும் கட்டாத அறை.
நிரப்பாமல் விடமாட்டேன் என்று அது அடம்பிடிக்க
தகப்பனைக் கூட்டிப்போய் அதில் இருத்தியிருக்கிறாள் தவயோகினி.
அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வெறும் வயிற்றோடு வந்து
இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்
குணநாயகம்.

எங்களுக்கு அழைப்பு வந்தது.
கொம்பனித்தெருவில் ஆறாம் மாடி,
நானும் தில்ஹானியும்.
இரண்டு கணினிகளைப் பேசவைப்பது வேலை
என்பார் எங்கள் விற்பனை மனேஜர்.
பேச்சு எப்போதும் இருந்தது.
கம்பி சரி, பொதி சரி, பூட்டும் சாவியும் சரி,
அனுப்பியதில் ஓர் எழுத்தும் சிந்தவில்லை.
அனுப்பியவர் நினைத்தது மட்டும்
ஏறவே இல்லை வண்டியில்.

போன கிழமை ஒரு கூட்டல் குறி
வழியில் வெற்றிடமாகிவிட்டது.
ஒருவரின் இரத்த வகை
வெறும் 'ஓ' என்று வந்து இறங்கியது,
எதையோ கண்டு வியந்ததுபோல.

அதற்கு முந்தைய கிழமை முழுக்க
முகவரிகளோடு மல்லுக்கட்டினேன்.
இந்தத் தெருவையே எடுங்கள்.
தமிழில் கொம்பனித்தெரு,
தில்ஹானிக்குக் கொம்பஞ்ஞ வீதிய,
பழைய கோப்புகளில் ஸ்லேவ் ஐலண்ட்.
இரண்டு மொழி கம்பனியை ஞாபகம் வைத்திருக்க
மூன்றாவது மட்டும்
அடிமைகளை மறக்கவில்லை.
மூன்றையும் சமம் என்று எழுதி
கொழும்பு இரண்டு என்று முடித்தேன்.
கணினிக்கு நிம்மதி.
எனக்கு அன்று பின்னேரம்
அந்த 'சமம்' சரிதானா என்றிருந்தது.
மாற்றவில்லை.

ஏழைத் தில்ஹானிதான் பிடித்தாள்.
வெள்ளவத்தையில் புது இயந்திரம்.
அது மில்லிகிராமில் பேசாது, மில்லிமோலில் பேசும்.
பதினெட்டால் பெருக்கு என்றாள்.
பெருக்கினேன்.
நூற்று இருபத்தாறு.
ஒரே இனிப்பு. அங்கே ஏழு, இங்கே இது.
அலகுக்கென்று ஒரு கட்டம் போட்டோம்,
காலியாக வந்தால் கதவு திறக்காதபடி.
"ஹரி" என்றாள் அவள்.
"சரி" என்றேன் நான்.
அந்த ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு
அட்டவணை எதுவும் தேவைப்படவில்லை.

டொக்டருக்குச் சொன்னோம்.
ஆள் சாகவில்லை,
எண்தான் வேறு மொழியில் வந்திருக்கிறது என்று.
அவர் சிரித்தார்.
பிறகு புது எண்ணைப் பார்த்தார் போல,
சிரிப்பு நின்றது.
வெறும் வயிற்றில் நூற்று இருபத்தாறு
ஒரு வேலி.
அதற்கு இந்தப் பக்கம் ஒரு சொல்,
அந்தப் பக்கம் இன்னொரு சொல்,
வாழ்நாள் முழுக்க.
"விடியட்டும், நானே கதைக்கிறேன்" என்றார்.
அதை அனுப்ப எங்களிடம் கட்டம் இல்லை.

ஐந்தரைக்கு இறங்கினோம்.
காலி வீதியில் முதல் நூறாம் இலக்க பஸ்
கோட்டை கோட்டை என்று கத்திக்கொண்டு போனது,
எல்லாருக்கும் விளங்கியது.
மூலைக் கடையில் பிளேன்டீ சொன்னேன்.
"சீனி?" என்றார் நிஸ்தார் நானா.
"கொஞ்சம்" என்றேன்.

அவருடைய அலகில் கொஞ்சம் என்றால்
இரண்டரைத் தேக்கரண்டி.

குடித்தேன்.